குடியும் குடும்பப்பெயரும்

ஜேர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முனைந்த எமது ஊர் மாணவர் ஒருவர், படிவமொன்றை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். அதன் முதற் கட்டம் குடும்பப்பெயரைக் கேட்டது. இரண்டாவது கட்டம் சொந்தப்பெயரைக் கேட்டது. இரண்டாவதை நிரப்புவதில் அவருக்கு இடரேதும் இல்லை. முதலாவதில் எதை எழுதுவது? தமது பெயருக்கு முன்னே நிற்கும் முதலெழுத்துக்களை விரித்தால் வாப்பாவின் பெயர் வரும். வாப்பாவின் முதலெழுத்துக்களை விரித்தால் அவருடைய வாப்பாவின் பெயர் வரும். இவை தனி மனிதரின் பெயர்களேயன்றி ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த பெயர்களல்ல. "எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லையே, சேர்" என்றார் அவர். ஈற்றில் வாப்பாவின் பெயரையே அக்கட்டத்தில் எழுதிச் சென்றார்.

உண்மையில் அவருக்குக் குடும்பப்பெயர் உண்டு. அவருடைய உம்மாவுக்கு அது தெரியும்; உம்மாவின் உம்மாவுக்கும் தெரியும். நாளை அவருக்குப் பெண் பேசச் செல்வோரிடம் முதலிற் கேட்கப்படும் கேள்விகளுள் அதுவும் ஒன்றாயிருக்கும்: "மாப்பிள்ளை என்ன குடி?" கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும், பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு குடியிற் பிறக்கிறது. அக்குடி தந்தையின் குடியன்று, தாயின் குடி. தாய்க்கு அவள் தாயிடமிருந்தும், அவளுக்கு அவள் தாயிடமிருந்தும் வந்தது. ஐரோப்பியரின் குடும்பப்பெயர் செய்யும் வேலைகளிற் பெரும்பாலானவற்றை இக்குடிப்பெயர் செய்கிறது. ஆனால் அது எந்தப் படிவத்திலும் ஏறியதில்லை.

ஏன் ஏறவில்லை? பெண்வழி வந்த பெயர் வாய்மொழியோடு நின்றுவிட, ஆண்வழிப் பெயர் மட்டும் காகிதத்தில் ஏறிய காரணம் என்ன? இவ்வினாக்களைப் பழம்பெருமை பேசுவதற்காக நாம் எழுப்பவில்லை. இவற்றுக்குப் பின்னால் ஒரு வீட்டின் உரிமை இருக்கிறது. அவ்வீட்டிலே வாழும் பெண்ணின் கதி இருக்கிறது.

ஆலைக்காரரும் நெசவாளரும்

அப்படிவத்தை அச்சிட்ட நாட்டிலேயே குடும்பப்பெயர் என்பது என்றுமுள்ள பொருளன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு முன் ஜேர்மன் மொழி பேசிய மக்களுட் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. வணிகம் பெருகி நகரங்கள் வளர்ந்தபோது ஒரே பெயருடையோர் பலர் ஓரிடத்திற் கூடினர். கடன் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், வரி செலுத்தியவன் யார், செலுத்தாதவன் யார் என்று பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. அதனால் ஒருவனுடைய தந்தையின் பெயரோ, ஊரின் பெயரோ, தொழிலின் பெயரோ, உடலமைப்பைச் சுட்டும் பட்டப்பெயரோ அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் அவன் பிள்ளைகளுக்கும் வழிச்சொத்தாயிற்று.

வேதங்களைப் பதிப்பித்தவர் என்று நம்மவர் நன்கறிந்த மாக்ஸ் முல்லரின் பெயரை எடுத்துக்கொள்வோம். முல்லர் என்றால் மாவரைக்கும் ஆலைக்காரர். இன்றும் ஜேர்மனியில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர் அதுவே. சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் பெயரில் நெசவாளர் இருக்கிறார். ஷ்மித் என்பவர் கொல்லர், ஷ்னைடர் தையற்காரர், பிஷர் மீனவர். ஒரு நாட்டின் பெயர்ப் பட்டியலே அதன் உழைப்பாளரின் பட்டியலாக அமைந்திருக்கிறது.

ஆயின் உழைப்பு மட்டுமன்று, அதிகாரமும் அப்பெயர்களில் உறைந்திருக்கிறது. மையர் என்னும் பெயர் பிரபுவின் பண்ணையை மேற்பார்வை செய்த கங்காணியிடமிருந்து வந்தது. ஷுல்ட்ஸ் என்னும் பெயர் குடியானவரிடம் வரியும் கடமையும் தண்டிய ஊர்த் தலைவனிடமிருந்து வந்தது. முல்லரின் ஆலையும் பல இடங்களிற் பிரபுவின் ஆலையே. அவ்வட்டாரத்து உழவன் தன் தானியத்தை வேறெங்கும் கொண்டு சென்று அரைக்கலாகாது; அங்கேதான் அரைக்க வேண்டும்; அரைத்த மாவில் ஒரு பங்கை அங்கேதான் விட்டுவர வேண்டும். ஆலைக்காரனின் பெயர் ஊரெல்லாம் தெரிந்திருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

எமது கவனத்துக்குரிய வேறொரு வழக்கமும் ஜேர்மனியில் இருந்தது. வடமேற்கே வெஸ்ட்பாலியாப் பகுதியிற் பண்ணைக்கு ஒரு பெயர் உண்டு. அப்பண்ணைக்கு உரிமையுடைய பெண்ணை ஒருவன் மணந்து அங்கே குடிபுகுந்தால், அவன் தன் தந்தை வழியாக வந்த பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்றுக்கொள்வான். பிள்ளைகளும் அப்பெயராலேயே அழைக்கப்படுவர். மருமகன் மாமனார் வீட்டுப் பெயரைச் சுமந்தான் என்பதை எவரும் இழிவாக எண்ணவில்லை. நிலமும் வீடும் யாருடையனவோ, பெயரும் அவருடையதாயிற்று. பெயர் இரத்தத்தின் வழி ஓடுகிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது உடைமையின் வழி ஓடுகிறது என்பதை வெஸ்ட்பாலியாவின் உழவர் காட்டினர்.

அரசு இதைப் பொறுக்கவில்லை. வரி தண்டவும் படைக்கு ஆள் சேர்க்கவும் வேண்டிய அரசுக்கு மாறாத பெயர்கள் தேவைப்பட்டன. தந்தையின் பெயரைத் தலைமுறைதோறும் மாற்றி வழங்கிவந்த பிரீசியக் கரையோர மக்கள், 1811 ஆம் ஆண்டில் நெப்போலியனின் ஆணையால் நிலையான குடும்பப்பெயர்களை ஏற்க வேண்டியதாயிற்று. அனுமதியின்றிக் குடும்பப்பெயரை மாற்றலாகாது எனப் பிரஷ்ய அரசு 1822 இல் ஆணையிட்டது. அதற்கு முன்னரே, 1787 இல் ஒஸ்திரியாவிலும் 1812 இல் பிரஷ்யாவிலும் யூதர்கள் நிலையான குடும்பப்பெயர்களைச் சூடுமாறு சட்டம் பணித்தது. குடியுரிமையின் வாயிலாகக் கூறப்பட்ட அப்பெயர்ப் பதிவு, பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதை உலகம் அறியும். 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாஸி அரசு பிறப்பித்த விதியின்படி, குறிப்பிட்ட பெயர்ப் பட்டியலில் அடங்காத பெயருடைய யூத ஆடவர் அனைவரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் அனைவரும் 'சாரா' என்றும் தம் பெயரோடு ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என விதிக்கப்பட்டது. பெயர் அடையாளமாயிற்று, அடையாளம் மரணத்துக்கு இட்டுச் சென்றது.

பெண்களின் நிலை என்ன? 1900 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் சட்டக்கோவை, மனைவி கணவனின் குடும்பப்பெயரைப் பெறுவாள் என விதித்தது. கிழக்கு ஜேர்மனியில் 1965 இல் இயற்றப்பட்ட குடும்பச் சட்டமே கணவன் பெயரையோ மனைவி பெயரையோ பொதுப்பெயராகத் தெரிவுசெய்யும் உரிமையை இருவருக்கும் வழங்கியது. மேற்கு ஜேர்மனியில் அவ்வுரிமை 1976 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால் வந்தது. அப்போதும், இருவரும் ஒருமித்துத் தெரிவு செய்யாவிடில் கணவன் பெயரே நிலைக்கும் என்றொரு விதி எஞ்சியிருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதியை 1991 இலேதான் தள்ளுபடி செய்தது. ஆக, அப்படிவத்தின் முதற் கட்டம் ஓர் எளிய வினாவன்று. நிலப்பிரபு, வரி அதிகாரி, படைத்தளபதி, கணவன் ஆகிய நால்வரும் கூடி வரைந்த கட்டம் அது.

வீடும் குடியும்

இனி எமது கரைக்குத் திரும்புவோம். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையே மணற்பாங்கான நிலத்தில் நெருங்கிக் கிடக்கும் ஊர்கள். அட்டாளை என்றால் காவற்பரண். சேனை என்றால் காடு வெட்டி, எரித்து, பயிரிடும் நிலம். யானையும் பன்றியும் பயிரை அழிக்காதவாறு பரண்மேல் விழித்திருந்த உழவரின் நினைவு எமது ஊர்ப்பெயரில் இருக்கிறது. முல்லரின் ஆலையைப் போல, எமது அட்டாளையும் உழைப்பின் சின்னமே.

குடி என்னும் சொல்லோ பழந்தமிழ்ச் சொல். அதன் பொருள்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். குடி என்பது வீடு. வீட்டில் வாழும் குடும்பம். குடும்பம் கிளைத்த மரபு. பல குடும்பங்கள் சேர்ந்த ஊர். அரசனுக்கு உட்பட்ட மக்கள். குடியிருத்தல், குடிபுகுதல், குடில், குடும்பம், குடிமகன் என ஒரே வேரிலிருந்து எத்தனை சொற்கள்! காத்தான்குடி, கல்முனைக்குடி என்னும் ஊர்ப்பெயர்களில் அது குடியிருப்பைச் சுட்டுகிறது, "என்ன குடி?" என்னும் கேள்வியில் மரபைச் சுட்டுகிறது. வீடும் பெயரும் ஒன்றே என வெஸ்ட்பாலியாவின் உழவர் வழக்கத்தாற் காட்டியதைத் தமிழ் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது.

குடிமுறையின் இயக்கம் எளியது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். ஒரே குடியினர் தம்முள் மணஞ் செய்யலாகாது. உம்மாவின் சகோதரியின் பிள்ளைகள் ஒரே குடியினர், ஆதலால் உடன்பிறப்புக்கள். மார்க்கச் சட்டம் அத்தகைய மணத்தைத் தடை செய்யவில்லை. குடிவழக்கம் தடை செய்கிறது. மாமாவின் மகளோ மாமியின் மகளோ வேறு குடியினள், ஆதலால் மச்சி முறையானவள், மணக்கலாம். மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் செல்வான். அவ்வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்ட வீடு. பெற்றோர் மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவில் வேறொரு குடிலில் ஒதுங்கி, அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவர். இவ்வாறு ஒரு வளவில் தாய், மகள்மார், பேத்திமார் என ஒரே குடிப் பெண்கள் சூழ்ந்து வாழ்வர். அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஆண்களே.

பள்ளிவாசலிலும் குடியே அலகாக இருந்தது. குடிக்கு ஒருவராக மரைக்கார்மார் தெரிவாகி, பள்ளி நிருவாகத்தை நடத்தினர், பிணக்குகளைத் தீர்த்தனர், கந்தூரிக்கு வேண்டிய பங்கைத் தத்தம் குடியினரிடம் சேகரித்தனர். தாய்வழியால் வந்த குடிக்கு ஆண்களே பேச்சாளர்களாயினர் என்பதையும் இங்கே மறவாமற் குறித்துக்கொள்ள வேண்டும்.

குடிப்பெயர்கள் சிலவற்றைப் பார்த்தால் ஜேர்மனியரின் பெயர்ப் பட்டியல் நினைவுக்கு வரும். லெப்பை குடி என்பது மார்க்கப் பணி புரிந்தவரை நினைவூட்டுகிறது. ஓடாவி குடியில் தச்சரும் படகு கட்டுவோரும் தெரிகின்றனர். தமிழர் நடுவே வழங்கும் பணிக்கனார் குடியிற் படைக்கலப் பயிற்சியும் யானை பிடித்தலும் தொனிக்கின்றன. உலகிப்போடி குடி என்பதிலுள்ள போடி, வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரே. காலிங்கா குடி தன் பூர்வீகத்தைக் கலிங்க நாட்டோடு இணைத்துக்கொள்கிறது. தொழில், பதவி, இடம் எனப் பெயரின் ஊற்றுக்கள் இரண்டு நாடுகளிலும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே அப்பெயர் மகன் வழி சென்றது, இங்கே மகள் வழி சென்றது.

இம்முறை எமக்கு எங்கிருந்து வந்தது? கிழக்குக் கரையில் முக்குவர் ஆதிக்கம் செலுத்திய காலத்திலேயே தாய்வழி உரிமை இங்கு வேரூன்றியிருந்தது. மட்டக்களப்பின் குடிமரபுகளைக் கூறும் 'மட்டக்களப்பு மான்மியம்' எப். எக்ஸ். சி. நடராசாவால் 1962 இற் பதிப்பிக்கப்பட்டது. முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியர் இங்கேயே பெண் கொண்டு தங்கினர் என்பது மக்கள் வழங்கும் கதை. கதையின் விவரங்கள் எவ்வாறாயினும், கடல்வழி வந்த முஸ்லிம் ஆடவர் இம்மண்ணின் பெண்களை மணந்தனர் என்னும் கரு அதில் உண்டு. பின்னர் 1626 அளவிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். வந்தவர்களுக்கு நிலமில்லை, இருந்த பெண்களுக்கு நிலமும் வீடும் இருந்தன. வந்தவன் பெண்ணின் வீட்டிற் குடிபுகுந்தான். பிள்ளைகள் தாயின் குடிக்கு உரியவராயினர். மார்க்கம் தந்தையுடையது, குடி தாயுடையது. எமது மக்களின் வரலாற்றை இதனினும் சுருக்கமாகக் கூற இயலாது.

இதைக் கேட்டு, இது இஸ்லாத்துக்கு ஒவ்வாத வழக்கமன்றோ என ஐயுறுவோர் கடல் கடந்து நோக்கட்டும். வட மலபாரின் மாப்பிளை முஸ்லிம்களிடையே தாய்வழித் தறவாடுகள் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருந்தன. கண்ணூரில் அறக்கல் அரச குடும்பத்திற் பெண்களும் ஆட்சிபீடம் ஏறிப் பீவி என்னும் பட்டத்தோடு ஆண்டனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வதே மரபு. மேற்குச் சுமாத்திராவின் மினங்கபாவ் மக்கள் உறுதியான முஸ்லிம்கள்; அவர்களின் குலப்பெயரும் பூர்வீக வீடும் தாய்வழியே செல்கின்றன. இந்துமாக் கடலின் கரையெங்கும் கப்பலில் வந்த ஆடவரும் வீட்டிலிருந்த பெண்டிரும் சேர்ந்து உருவாக்கிய சமுதாய அமைப்பு இது.

ஏங்கெல்ஸ் கூறியதும் கூறாததும்

மோர்கன் 1877 இல் வெளியிட்ட ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, ஏங்கெல்ஸ் 1884 ஆம் ஆண்டிற் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய தமது நூலை எழுதினார். மனித குலம் எங்கும் முதலில் தாயுரிமை நிலவியது. தனிச்சொத்துப் பெருகியபோது அது வீழ்த்தப்பட்டது என்பது அவர் வாதம். எல்லாச் சமுதாயங்களும் ஒரே படிமுறையில் ஏறிவந்தன என்னும் கூற்றைப் பிற்கால மானிடவியல் ஏற்கவில்லை. எமது குடிமுறையும் ஆதிகாலத்து எச்சமன்று. நெல்வயலும், கடல்வணிகமும், படையெடுப்பும், குடியேற்றமும் சேர்ந்து வளர்த்த ஒன்று. நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலும், அக்கரைப்பற்றில் 1969 தொடக்கம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலும் இக்கரையோரக் குடிமுறையை விரிவாக எடுத்துரைக்கின்றன.

எனினும் ஏங்கெல்ஸ் கண்ட ஒன்று இன்றும் நிலைக்கிறது. வம்சாவழி எனப்படுவது இயற்கையின் விதியன்று. உடைமை எவ்வழி செல்கிறதோ, வம்சம் அவ்வழி கணிக்கப்படுகிறது. உடைமையின் வழியை மாற்றுங்கள், பெயரின் வழியும் மாறிவிடும். எமது கரையில் நடந்ததும் நடப்பதும் இதுவே.

காகிதம் வந்த கதை

முக்குவரின் உரிமை வழக்கில் முதுசொம், தேட்டம் என்னும் பாகுபாடு இருந்தது. முதுசொம் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. 1876 ஆம் ஆண்டிற் கிறிஸ்தோபர் பிரிட்டோ இவ்வழக்குகளைத் தொகுத்து 'முக்குவர் சட்டம்' என்னும் நூலை வெளியிட்டார். அதே ஆண்டிற் பிரித்தானிய அரசு கொண்டுவந்த 15 ஆம் இலக்கத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மட்டக்களப்புத் தமிழரிடையே அம்முறைக்கிருந்த சட்ட வலுவை இல்லாதாக்கியது. முஸ்லிம்கள் வேறு சட்டத்துக்கு உட்பட்டிருந்தனர். அதன்படி மகளுக்கு மகனின் பங்கிற் பாதியே கிடைக்கும். ஆயினும் எமது மக்கள் ஒரு வழி கண்டனர். சாவுக்குப் பின் பங்கு பிரிக்கும் வரை காத்திராமல், வாழும்போதே நொத்தாரிசிடம் சென்று வீட்டை மகளின் பெயரில் உறுதி முடித்தனர். சட்டம் ஒரு வழி சென்றது. வீடு தன் பழைய வழியிலேயே சென்றது.

ஆனால் அரச காணியில் அத்தந்திரம் செல்லவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளியைப் பெயர் குறிக்காது இறந்தால் யாருக்குக் காணி சேரும் என ஓர் அட்டவணை வகுத்தது. அதில் மகளுக்கு முன் மகன்; பேத்திக்கு முன் பேரன்; இளைய ஆணுக்கு முன் மூத்த ஆண். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் மேற்கே திறக்கப்பட்ட புதிய நிலங்கள் இச்சட்டத்தின் நிழலிலேயே பங்கிடப்பட்டன. பழைய வளவுகள் பெண்ணின் பெயரில் இருந்தன. புதிய வயல்கள் ஆணின் பெயருக்கு வந்தன. அவ்வட்டவணையின் ஆண்சார்பு நீங்க 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்பத்தேழு ஆண்டுகள்! மூன்று தலைமுறைப் பெண்கள் இடையே வாழ்ந்து மடிந்துவிட்டனர்.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பதிவு செய்யவும் மீட்கவும் வழி செய்தது நன்று. ஆனால் இயற்றப்பட்டபோது அச்சட்டம் திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. அவளுடைய வலீயின் கையொப்பமே போதுமானதாயிற்று. வீட்டின் உறுதியில் அவள் பெயர். அவ்வீட்டுக்கு வாழ்க்கைத் துணையாக வருபவனை ஏற்கும் பதிவில் அவள் கை இல்லை. இம்முரண்பாட்டை எண்ணிப் பார்ப்போருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. இந்நாட்டில் ஆழிப்பேரலையால் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் போயின, பெட்டகத்தில் இருந்த உறுதிகளும் போயின. கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என முதலில் அறிவிக்கப்பட்டது. மாற்றுக் காணியும் புதிய வீடும் வழங்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர் யார்?' என்று படிவங்கள் கேட்டன. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்பதே அலுவலக வழக்கம். தாயின் தாயிடமிருந்து வந்த வீட்டை இழந்த பெண்களிற் பலர், அதற்கு மாற்றாகக் கிடைத்த வீட்டைக் கணவன் பெயரில் கண்டனர். எந்தச் சட்டசபையும் விவாதிக்காமல், எந்த உலமாவும் தீர்ப்பளிக்காமல், படிவத்தின் ஒரு கட்டத்தால் ஒரு பெரும் மரபு பல இடங்களில் ஒரே ஆண்டிலே புரட்டப்பட்டது. பெண்கள் அமைப்புக்கள் குரல் எழுப்பின. இருவர் பெயரிலும் கூட்டாக உரிமை வழங்கும்படி கோரின. அக்கோரிக்கையின் நியாயத்தை எமது ஊர்களின் ஒவ்வொரு பழைய உறுதியும் சான்று கூறும்.

இவற்றையெல்லாம் கூறுவதால், குடிமுறை பொற்காலத்தின் கொடை என்று நாம் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். குடிகளிடையே உயர்வு தாழ்வு பேசப்பட்டது. பள்ளியிலும் கோயிலிலும் சில குடிகளுக்கு முன்னுரிமை. சில குடிகளுக்கு வாசற்படி. மயிர் வினையும் கத்னாவும் செய்த ஒஸ்தாமாரின் குடும்பங்களைச் சரிநிகராக ஏற்று மணவுறவு கொள்ள மற்றையோர் முன்வரவில்லை. போடியாரின் குடிப்பெருமைக்கு அடியில் வயற்காரனின் வியர்வை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மகளுக்கு வீடு என்னும் உரிமை, வீடில்லாத மகளுக்குத் தண்டனையாக மாறியது. மணலில் இடம் அருகியது. வளவுகள் துண்டு துண்டாயின. காணியின் விலை ஏறியது. ஒரு வீடு கட்ட வாப்பாவும் காக்காமாரும் ஆண்டுக் கணக்கில் வளைகுடா நாடுகளிற் பாடுபட்டனர். போதாதபோது உம்மாவே வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடல் கடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வீட்டோடு நில்லாமல் கைக்கூலியும் கேட்டனர். பெண்ணைக் காத்த அரண், ஏழைப் பெண்ணை வெளியே நிறுத்தும் மதிலுமாயிற்று.

ஆதலின், குடிப்பெருமையைக் காப்பாற்ற வேண்டும் என்பாரோடும் நாம் சேரவில்லை. இது அறியாமைக் கால வழக்கம், ஒழியட்டும் என்பாரோடும் சேரவில்லை. முன்னவர் உமியைக் காக்கின்றனர். பின்னவர் உமியோடு அரிசியையும் கொட்டுகின்றனர். உயர்வு தாழ்வு உமி, கைக்கூலி உமி. திருமணமானாலும், மணவிலக்கானாலும், கணவன் இறந்தாலும் ஒரு பெண்ணை எவரும் "வெளியே போ" என்று சொல்ல முடியாத ஒரு கூரை இருக்க வேண்டும் என்னும் கொள்கை அரிசி. கேரளத்திலே 1975 ஆம் ஆண்டின் சட்டம் இந்துக்களின் தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தை ஒழித்தது. அங்கே தறவாடுகள் பல அதற்கு முன்னரே சிதைந்துவிட்டன. இங்கே எந்தச் சட்டமும் எமது குடியை ஒழிக்க வரவில்லை. படிவங்களே அவ்வேலையை மெல்ல மெல்லச் செய்து முடிக்கின்றன.

அம்மாணவர் தம் குடிப்பெயரை அந்த ஜேர்மன் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பெயர் எதுவாயினும் ஆகுக. ஆனால் தமக்குக் குடும்பப்பெயரே இல்லை என்று அவர் நம்பிச் சென்றதுதான் எம்மை வருத்துகிறது. அவர் பயின்ற பாடநூல்களில் மாக்ஸ் முல்லர் இருந்தார். அவருடைய உம்மாவின் குடி இல்லை.

ஆசிரியத் தோழர்கள் இதற்கு ஒன்று செய்யலாம். வரலாற்றுப் பாடத்தில் ஒருநாள், மாணவர் ஒவ்வொருவரையும் வீடு சென்று மூன்று கேள்விகள் கேட்டுவரச் சொல்லுங்கள். நாம் என்ன குடி? நாம் வாழும் வீட்டின் உறுதி இன்று யார் பெயரில் இருக்கிறது? அதற்கு முன் யார் பெயரில் இருந்தது? முதற் கேள்விக்கு விடை சொல்லும்போது உம்மாவின் முகம் மலரும். மூன்றாவது கேள்விக்குப் பெட்டகத்தின் அடியிலிருந்து மடித்து மஞ்சளித்த ஒரு காகிதம் வெளிவரும். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளைக் கரும்பலகையில் ஆண், பெண் என இரு பத்திகளாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். எமது ஊர் எத்திசையிற் சென்றுகொண்டிருக்கிறது என்பதை அக்கூட்டுத்தொகை சொல்லிவிடும்.